ஐஸ் துரையும் சரசக்காவின் கூரைச்சேலையும்

கேமரன் மலையில் மண்ணைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் மண்ணுக்காக மனிதர்களைத் திட்டிய ஒரே ஆள் எங்கள் ஐஸ் துரைதான். ரிங்லெட்டிலிருந்து கோலா தெர்லா வரைக்கும் விசாரித்துப் பாருங்கள். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாராவது இருந்தால், ஒன்று அவர் நேற்றுப் பிறந்தவராக இருப்பார், இல்லை நேற்று மலையேறி வந்தவராக இருப்பார்.

துரை என்றால் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜர். வெள்ளைக்காரன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் அந்தப் பட்டம் மட்டும் போகவில்லை. இவரோ மேனேஜரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், தங்கச்சி வசந்தாவின் வீட்டு முன்னறையில் பாய் விரித்து ஒண்டியிருந்த ஐம்பது வயது ஒண்டிக்கட்டை. ஆனால் நடை துரை நடை. வாய் அதைவிடப் பெரிய துரை வாய். வசந்தா தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தாள். வேலை இருக்கிறவரைக்கும்தான் லயத்தில் வீடு. கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, மனம் வைத்தால்தான் அந்த வேலையும். அண்ணன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் வாசலை எட்டிப் பார்த்தது அதனால்தான்.

ஐஸ் பட்டம் வந்த கதை வேறு. மனிதர் டிப்ளோமா படித்துவிட்டு, கடலோர ஊர் ஒன்றில் மண் சோதிக்கும் லேப்பில் வேலை பார்த்தவர். ஆழ்கடலுக்கு அடியிலிருந்து கப்பல் வைத்துத் துளைபோட்டு எடுத்த மண் அங்கே வரும். சாதாரண மண் இல்லை. மண் துகள்களுக்கு நடுவே ஐஸ் மாதிரி ஒன்று உறைந்திருக்கும், அந்த ஐஸுக்குள் கேஸ் அடைபட்டிருக்கும், தீக்குச்சி காட்டினால் எரியும். இதை அவர் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே நான் அப்போது வேலை செய்த எஸ்டேட் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார். கடை சிரித்த சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது.

"ஐஸு எப்புடிண்ணே எரியும்? தண்ணி நனைக்காதுன்னு சொல்லுவீங்க போலருக்கே!" என்றேன் நான்.

"ஏன், கோயில்ல சூடம் எரியல? அதுவும் வெள்ளையா கட்டியாத்தானே இருக்கு? அத மட்டும் கன்னத்துல போட்டுக்கிட்டு கும்புடுற. நான் சொன்னா பல்லக் காட்டுறியா?"

அன்றைக்கே ஐஸ் துரை ஆகிவிட்டார். சொந்தப் பெயர் வசந்தாவுக்கு மட்டும் தேவைப்பட்டது. அவளும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

டீக்கடையில் நான் பட்ட பாடு நாய்கூடப் பட்டிருக்காது. கோலாலம்பூரிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களுக்கு நாங்கள் தேயிலைத்தூளைக் காற்று உறிஞ்சிய பாக்கெட்டில் விற்போம். செங்கல் மாதிரி கெட்டியாக இருக்கும். ஐஸ் துரை பசியாற வருவார். யார் கையிலாவது அந்தப் பாக்கெட் இருந்தால் போதும், பாய்ந்து பிடுங்கி மேசையில் தட்டுவார். டக், டக்.

"இது கல்லா, தூளா?"

பாக்கெட்டை வாங்கிய அம்மாள் ஒருவர் பயந்துபோய், "தூளுங்க. ஆனா கல்லு மாதிரி இருக்கு" என்பார்.

என் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, பாக்கெட்டில் ஒரு குத்து. 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும். செங்கல் அவர் கையிலேயே தொளதொளவென்று சரிந்துவிடும்.

"தூளு மாறிச்சா? மாறல. எடை மாறிச்சா? மாறல. சந்துல இருக்குற அழுத்தம் மாறிச்சு, அவ்வளவுதான். மண்ணும் இதேதான்மா. துகளும் துகளும் ஒண்ண ஒண்ணு இறுக்கிப் புடிச்சாத்தான் மண்ணுக்கு பலம். கடலடி மண்ணுல அந்த ஐஸு பசை மாதிரி புடிச்சிருக்கும். உருகிச்சுன்னு வெய்யி, ஒரு டம்ளர் ஐஸுக்கு ஒரு ட்ரம் கேஸு வரும். வெளிய போக வழியில்லன்னா உள்ள இருந்தே தள்ளும். துகளுங்க கைய விட்டுரும். மல மாதிரி நின்ன மண்ணு கஞ்சியா ஓடும்!"

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இந்தப் பாக்கெட் ஓசியா?" என்றார். ஐஸ் துரை அன்று பசியாறாமலே எழுந்து போனார்.

லேப் வேலை போன கதையை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஏதோ ஒரு டத்தோ, அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், பார்வையிட வந்தாராம். எரிகிற ஐஸைப் பார்க்க ஆசைப்பட்டாராம். மண் அழுத்தத்திலும் குளிரிலும் இரும்புக் குழாய்க்குள் பத்திரமாக இருந்தது. அப்படி இருந்த ஒரே மண் அதுதான். 'தொறந்தா உருகிரும் சார், அப்புறம் சோதிக்க ஒண்ணும் இருக்காது' என்று இவர் சொல்ல, பெரியவர் 'கொஞ்சம்தானே லா' என்று தானே வால்வைத் திருப்பிவிட்டார். நீலமாக ஒரு சுடர் எரிந்தது. படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள், கறிபஃப் சாப்பிட்டார்கள். பிற்பகலில் அந்த மண்ணை அழுத்திப் பலம் பார்க்கப் போனால் அது சட்டியில் ஊற்றிய கூழ். அறிக்கையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதி இவரை வெளியே அனுப்பினார்கள். ஒருத்தன் கைதட்டு வாங்க இன்னொருத்தன் சோறு போவது இந்த நாட்டில் புதிதா என்ன?

"நான் சொன்னேன்மா. வாயத் தொறந்து சொன்னேன்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவருக்கு மண் பைத்தியம் முற்றியது என்று நினைக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முன்வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குமுன் பின்பக்கம் போய் மேட்டைப் பார்ப்பார். லெம்பா பெர்த்தாமில் அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். கணவனை இழந்த நல்ல பெண். அவள் காப்பியோடு வந்து நிற்கிறாள், மாப்பிள்ளையைக் காணோம். சேறு அப்பிய காலோடு அடுப்படி வழியாக வந்து சேர்ந்தார்.

"பொண்ணு நல்லாருக்கு. வீடு நிக்காது. பின்னாடி மேட்டுல தண்ணி கோத்துக் கெடக்கு."

பெண்ணின் அப்பா கொதித்துவிட்டார். "சேத்து வெள்ளத்துல முங்கி எந்திரிச்ச ஊருய்யா இது! எங்களுக்கே மண்ணப் பத்திச் சொல்றியா? வந்தது பொண்ணு பாக்கவா, பொணம் எண்ணவா?"

வசந்தா அன்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். இத்தனைக்கும் அந்த வீடு இன்றும் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. எங்கள் எஸ்டேட் பொதுக் கழிவறைச் சுவர் விழும் என்றார், விழவில்லை. பள்ளிக்கூட மேடு சரியும் என்றார், சரியவில்லை. ஆகவே எங்கள் மேல் லயத்துச் சுவரைப் பற்றி அவர் கத்தத் தொடங்கியபோது எங்களில் ஒருவருக்கும் காது இல்லை.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் மலைமண்ணைத் தாங்கி நிற்கும் கான்கிரீட் சுவர். மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியே வடிவதற்காக, கட்டியவர்கள் சுவரில் வரிசையாகக் குழாய் ஓட்டைகள் விட்டிருந்தார்கள். அது எதற்கென்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். ஏனென்றால் அந்த ஓட்டைகள் எங்கள் கண்ணுக்குக் கடவுள் கொடுத்த வரம். மூங்கில் கம்பு ஒன்று அதில் அளவெடுத்த மாதிரி நுழையும். ஆடாமல் இருக்கக் கோணியைச் சுற்றி அடித்து இறுக்கினால் துணி காயப்போட அருமையான கொடிக்கம்பு. மேலே ஒரு தகரம். இந்த மலையில் துணி காய வைப்பது என்ன பாடு என்று இங்கே ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஈரப் பாவாடையோடு வேலைக்குப் போனவளிடம் போய் மண்ணின் சந்து அழுத்தம் பற்றிப் பேச முடியுமா?

வீட்டுக்கு வீடு ஓட்டைகளை அடைத்துக் கம்பு நட்டிருந்தோம். கடைசி வீட்டுப் பக்கம் இருந்த குழாய்களில் கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழா ஸ்பீக்கருக்கு இரும்புக் கம்பங்கள் நிறுத்தி, சிமெண்டே போட்டுப் பூசிவிட்டார்கள். கமிட்டித் தலைவர் கிராணிதான். அந்தக் கடைசி வீடு வசந்தாவுடையது. அதற்கடுத்தது சரசக்கா வீடு. மூன்றாவது நான்.

ஐஸ் துரை கமிட்டியிடம் போய்ப் பேசிப் பார்த்தார். சிரித்தார்கள். பிறகு மழை வலுத்த ஒரு நாள் அவரே சந்தில் இறங்கிக் கம்புகளைப் பிடுங்கத் தொடங்கினார். லயத்தின் துணி முழுவதும் சேற்றில். சரசக்கா வெளியே வந்து பார்த்தபோது அவர் ஒரு கையில் மூங்கிலும் மறு கையில் அவளுடைய உள்பாவாடையுமாக நின்றார்.

சரசக்காவுக்குக் குரல் கொடுக்க ஸ்பீக்கர் தேவையில்லை. "அடப்பாவி! பொம்பளத் துணியில கைவெக்கிறியே, நீ நல்லாருப்பியா? கூடப்பொறந்தவ இருக்கா வீட்டுல!"

"ஒன் பாவாடை யாருக்கு வேணும்? ஓட்டைய விடு! செவுரு மூச்சு விட முடியாம திணறுது!"

சாயங்காலத்துக்குள் 'துணி திருடன்' என்ற செய்தி ரிங்லெட் வரை போய்விட்டது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கிராணி நடுவில் உட்கார்ந்து, "சரி, அந்தச் செவுரு எப்ப விழும்? நாளச் சொல்லு" என்றார்.

"தெரியாது."

"இந்த மாசமா, அடுத்த மாசமா?"

"தெரியாதுய்யா. விழாமலும் போவலாம். மழ எவ்வளவு பெய்யும்னு தெரியாது, உள்ள எவ்வளவு தண்ணி ஏறும்னு தெரியாது. வடிய வழி விட்டா விழாது, அது தெரியும்."

மண்டபமே சிரித்தது. பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு ஏடு பார்க்கிற சோதிடன் நாள், நட்சத்திரம், நேரம் எல்லாம் சொல்கிறான். படித்தவனுக்கு ஒரு தேதி சொல்லத் துப்பில்லை! நம் ஜனங்களுக்குப் பொய் சொன்னாலும் திட்டமாகச் சொல்ல வேண்டும். தெரியாது என்ற உண்மையைச் சொன்னவனை எந்த ஊர் மதித்திருக்கிறது?

"இன்னொரு தடவ செவுத்துல கைவெச்ச, ஒன் தங்கச்சி வீட்டக் காலி பண்ணணும். சொல்லிட்டேன்" என்று கிராணி முடித்தார். வசந்தா அத்தனை பேர் முன்னாலும் கைகூப்பினாள். ஐஸ் துரை அவளைப் பார்த்தார். "இனிமே தொட மாட்டேன்" என்றார். வாழ்க்கையில் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

வாக்கைக் காப்பாற்றினார். கம்புகள் மறுபடி ஏறின, கோணி முன்னைவிட இறுக்கமாக. அவர் அடுப்படிச் சன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்னாண்ணே, செவுரு என்னா சொல்லுது?" என்று போகிறவள் வருகிறவள் எல்லாம் கேலி பேசினார்கள். நாற்காலியைச் சன்னலோடு இன்னும் ஒட்டிப் போட்டுக்கொள்வார். திட்டு வாங்காமல் எங்களுக்கும் என்னவோ உப்பில்லாமல் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள். ஒரு வாரமாக விடாத மழை. வீடுகளில் பலகார வாசனை. ஆண்கள் டவுனுக்கும் கோயிலுக்கும் போயிருந்தார்கள். சரசக்கா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியில் இருந்து பூஞ்சை வாடை அடித்ததால், தன் கூரைச்சேலையைப் பின்பக்கத் தகரத்தின் கீழ் கயிற்றில் உதறிப் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு உடுத்திய சேலை. புருஷன் போன பிறகு உடுத்தாவிட்டாலும் தீபாவளிக்குத் தீபாவளி வெளியே எடுத்துக் காற்றாடப் போடுவாள்.

சன்னலில் இருந்த மனிதர் திடீரென்று எழுந்து ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினார். சுவரில் கையை வைத்தார். பிறகு என் வீட்டுக்கு நேரே இருந்த கம்பைப் பிடித்து இழுத்தார். என் அடுப்படியில் நின்று நானே பார்த்தேன். கம்பு கையோடு வந்தது. பின்னாலேயே கோணி அடைப்பு பீறிட்டுத் தெறித்தது. தண்ணீர் சந்தைத் தாண்டி வந்து என் சன்னலை அடித்தது. அதுவரை சுவருக்குப் பின்னால் அவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அடுத்த கம்பு, அதற்கடுத்த கம்பு. லயத்தின் அந்தக் கோடிவரை பிடுங்கிக்கொண்டே போய், இந்தக் கோடிக்குத் திரும்பி வந்தார். சிமெண்ட் பூசிய கம்பங்களிடம் வந்ததும் நின்றார். சந்தில் கிடந்த மண்வெட்டியால் அடித்தார், உலுக்கினார். அசையவில்லை. "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினார்.

"பலகாரம் சுடுற நேரத்துல இவன் ஒருத்தன்!" என்றது சரசக்காவின் குரல். ஒரு கதவும் திறக்கவில்லை. வசந்தாதான் சன்னலில் நின்று, "அண்ணே, வேணாம்ணே, கிராணிக்குத் தெரிஞ்சா வீடு போயிரும்ணே" என்று அழுதாள்.

அந்த மனிதரின் மூளை அப்போது எப்படி வேலை செய்தது என்று நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. சுற்றிலும் பார்த்தார். சரசக்காவின் கூரைச்சேலையை ஒரே இழுப்பில் உருவினார். போகிற போக்கில் பிடுங்கிய கம்புகளோடு கிடந்த எங்கள் துணிகளில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாரித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் சன்னலுக்கு நேரே வந்து, "சரசு! ஒன் பட்டுச் சேலைய எடுத்துட்டேன்டி! முடிஞ்சா வந்து புடி!" என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தார்.

மேல் லயமே வெளியே வந்தது. சரசக்கா ஜல்லிக்கரண்டியோடு, மற்றவர்கள் விளக்குமாற்றோடு, வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் அத்தனையும். என் பெட்ஷீட்டும் அவர் தோளில் போனதால் நானும் ஓடினேன். அழுதுகொண்டே வசந்தாவும் ஓடி வந்தாள். அவர் ஃபேக்டரி மைதானத்துக் கொழுந்துக் கொட்டகை வரை ஓடி, மூச்சிரைத்து நின்றார். சரசக்கா எட்டிப் பிடித்து நடுமண்டையில் ஒன்று போட்டாள். இரண்டாவது அடிக்குக் கரண்டியை ஓங்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. லோரி கல் கொட்டுகிற மாதிரி சத்தம். திரும்பிப் பார்த்தோம். சுவரின் சிமெண்ட் பூசிய கோடி சரிந்து, வசந்தாவின் அடுப்படியும் சரசக்காவின் அடுப்படியும் மண்ணுக்குள் போயிருந்தன.

ஐஸ் துரை நனைந்து விறைத்துப்போயிருந்தார். தன் ரெயின்கோட்டைக் கழற்றி அதற்குள் சேலையைச் சுருட்டி வைத்திருந்தார். அதைப் பிரித்து நீட்டினார்.

"இந்தாங்கக்கா. நனையல."

இதற்கப்புறம் மாலை போட்டிருப்பார்கள் என்று நினைத்தீர்களா? எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. அன்று மாலையே கோயிலில் ஆத்தாவுக்குச் சிறப்புப் பூசை. ஆத்தாதான் பிள்ளைகளை வெளியே இழுத்து வந்து காப்பாற்றினாள். சுவர் விழுந்தது மட்டும் ஆத்தா செயல் இல்லை. அது கம்பைப் பிடுங்கியவன் செயல்.

"ஆட்டி ஆட்டிப் புடுங்குனா செவுரு நிக்குமா? நல்லா இருந்த செவுரு!" என்றார் கிராணி.

நான் சும்மா இருக்கவில்லை. "கிராணி, அவரு புடுங்குன எடம் அப்புடியே நிக்கிது. நீங்க சிமெண்டு பூசுன எடம்தான் விழுந்துருக்கு. கண்ணு இருந்தா போய்ப் பாருங்க" என்றேன். என்னை டீக்கடையிலிருந்து தேயிலை பாக்கெட் கட்டும் அறைக்கு மாற்றியதுதான் மிச்சம். சரசக்கா, வேறு லயத்தில் வீடு கிடைக்கும்வரை, என் வீட்டில்தான் இருந்தாள். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வசந்தாவுக்கு மாற்று வீடு தரவில்லை. சொன்ன சொல்லைக் கிராணி காப்பாற்றினார். அண்ணனும் தங்கையும் இருந்ததைக் கட்டிக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனார்கள்.

அங்கே தவுக்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி ஒருவரின் காய்கறிக் கொட்டகையில், லோரியில் ஏற்றும் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடும் வேலை. ஐஸ் துரைக்குக் கடைசியில் ஐஸ் வேலைதான் வாய்த்தது. சரசக்கா என் வீட்டில் இருந்தபோதே ஒரு தடவை அவரைப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். வாய் அப்படியே இருந்தது.

"இந்த ஐஸு எரியாதும்மா. தண்டம்" என்றார். பிறகு, "புதுச் செவுரு கட்டிட்டானுங்களா? ஓட்ட விட்ருக்கானா?"

"விட்ருக்காங்கண்ணே."

"அதுல என்னா தொங்குது?"

நான் காலடியில் கிடந்த ஐஸ் சில்லை எத்திவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரசுதானே? அந்தப் பொம்பளைக்கு வெக்கமே கெடையாது" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்த இருமல்தான் அவரைக் கொண்டுபோனது. எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. கிராணி எல்லாருக்கும் முந்திக்கொண்டு 'மண்ணை நேசித்த மாமனிதர்' என்று போட்டிருந்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். சாவுக்கு எங்கள் எஸ்டேட்டிலிருந்து போனது நானும் சரசக்காவும்தான். அவள் அங்கேயும் அழவில்லை.

போன வாரம் மழை பிடித்தது. சரசக்கா இப்போது இருக்கும் வீட்டுப் பக்கம் போனேன். அந்த லயத்துப் பின்சந்திலும் ஒரு சுவர். எட்டிப் பார்த்தால் அதன் ஓட்டைகளில் ஒரு கம்பும் இல்லை. தண்ணீர் சிறுசிறு நூலாக வடிந்துகொண்டிருந்தது. முன்வாசல் தாவாரத்தில், போகிற வருகிறவர் கையெட்டும் உயரத்தில், அந்தக் கூரைச்சேலை தனியாகத் தொங்கியது.

"என்னாக்கா, சாரல் அடிக்குதே? உள்ள எடுத்துப் போட வேண்டியதுதானே?"

"கெடக்கட்டும்டி" என்றாள், மழையைப் பார்த்துக்கொண்டே. "திருட வர்றவன் கண்ணுல படணும்ல."

நான் வீட்டுக்குத் திரும்பி, என் பெட்ஷீட்டை எடுத்துவந்து அதன் பக்கத்தில் போட்டேன்.